கையெழுத்துக்காகப் போன இடம்

நம் ஸ்கூல் செட்டில் இப்போது யாரைப் பார்த்தாலும் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றித்தான் பேச்சு. போன வாரம்கூட குரூப்பில் ஒருத்தி தன் மகனின் நோட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கி, மூலையில் போய்ச் சுருண்டு கிடந்தது. கீழே அவரவர் யோசனை. நாலு கோடு நோட்டு வாங்கு, செல்லைப் பிடுங்கி வை, தெரபிக்குக் கூட்டிப் போ. நான் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நமக்கும் முப்பது ஆகப்போகிறது. ஆளுக்கொரு கண்ணாடி, முதுகுவலி வந்துவிட்டது. இனிமேல் சொல்லலாம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் அக்காவைத் தெரியும். ஸ்கூல் வாசலில் இருந்த கறுப்பு போர்டில் தினமும் காலையில் எழுதுவாளே, அவள்தான். அவள் ஏன் எட்டாவதோடு நின்றாள் என்று நீங்கள் கேள்விப்பட்ட கதை வேறு. நடந்தது வேறு.

அப்போது நான் ஐந்தாவது. என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாள் கிழியும். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் முன்பக்கம் எழுதியதெல்லாம் விரலில் தட்டும். 'ண' போடும்போது எத்தனை சுழி போட்டேன் என்பது பாதியிலேயே மறந்துவிடும். போர்டில் இருப்பதை நான் பாதி எழுதுவதற்குள் மிஸ் அழித்துவிடுவார். நம் கிளாஸ் மிஸ் என் நோட்டை விரித்துப் பிடித்தபடி என்னை பெஞ்சின் மேல் நிற்கவைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். "பொம்பளப் புள்ள கையெழுத்தா இது?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அதை விடுங்கள், நானும்தான் சிரித்தேன்.

அந்த மிஸ்தான் பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் கையெழுத்துக்கென்றே பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று வந்திருக்கிறது, ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர், கூட்டிப் போங்கள் என்று சொன்னார்.

அம்மா அப்போது ஒரகடத்தில், காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் வேலை பார்த்தாள். விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளை டேப் சுற்றியிருக்கும். லைன் ஓடுகிற வேகத்துக்கு விரல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பான் என்பாள். அன்று வீட்டுக்கு வந்ததும் என் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தாள். "வெரலு நல்லாத்தான் கீது. அப்புறம் இன்னாத்துக்கு இப்டி எழுதுற?" என்றாள். 

அப்பா கம்பெனி பஸ் டிரைவர். இரண்டு பேருக்கும் ஷிப்ட். அதனால் என்னைத் தெரபிக்குக் கூட்டிப் போகும் வேலை அக்காவுடையது ஆயிற்று. சில நாள் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்பா கூட்டு ரோட்டில் எங்களை ஏற்றிக்கொள்வார். கம்பெனிக்குத் தெரிந்தால் தப்பு. ஜன்னலுக்குக் கீழே தலையைத் தாழ்த்தி உட்காரச் சொல்வார். அவ்வளவு பெரிய காலி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சீட் உறையில் எண்ணெய்த் தலை வாசனையும், யாரோ விட்டுப்போன வாடிய மல்லிகையும். அக்கா ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்தப் பனியில் என் பெயரை எழுதுவாள். என்ன எழுத்து அது. அச்சில் போட்ட மாதிரி இருக்கும். அவள் போடுகிற 'ழ'வின் வாலைப் பார்த்துத்தான் அந்த எழுத்து அழகான எழுத்து என்றே எனக்குத் தெரிந்தது.

தெரபி ரூம் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்க ஸ்பிரிட் வாசனை. உள்ளே நீல மெத்தைகள், ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பந்து, தட்டுத் தட்டாக ரவை, சோளி, மணி, துணிக்கு மாட்டுகிற கிளிப். எங்குமே பெஞ்சும் நோட்டும் இல்லை. தெரபி மிஸ் சென்னையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். சின்ன வயதுதான். எல்லாப் பிள்ளைகளையும் 'கண்ணா' என்பார்.

முதல் நாள் என்னைத் தரையில் கைகளை ஊன்றச் சொல்லி, என் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரூம் முழுக்க நடக்கவைத்தார். கொஞ்ச தூரத்திலேயே நான் மூக்கடிபட விழுந்தேன்.

"எழுத்து விரல்ல ஆரம்பிக்கல கண்ணா. தோள்ல ஆரம்பிக்குது. உன் தோளுக்குப் பலம் இல்ல, அதான் விரலால அழுத்திப் பிடிச்சுக்கிற" என்றார்.

அப்பா கேட்டுவிட்டு, "எழுத அனுப்புனா நாலு கால்ல நடக்க வுட்டுகினு கீறாங்க" என்று சிரித்தார். ஆனாலும் அனுப்பினார்.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. ரவையில் விரலால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் தட்டை ஆட்டினால் போதும், அழிந்துவிடும். உடைந்த சாக்பீஸ் துண்டால் சுவரில் நெடுங்கோடு போட வேண்டும். துண்டு சின்னதாக இருப்பதால் மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். நாற்காலியில் உட்கார்ந்தால் காலுக்கடியில் ஒரு பலகை வைப்பார். கால் தொங்கினால் கை எழுதாதாம். இதை எந்த ஸ்கூலிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. வீட்டில் பழக ஒரு துணிப்பட்டி கொடுத்தார். அதில் பித்தான், ஊக்கு, கொக்கி எல்லாம் வரிசையாகத் தைத்திருக்கும். போட்டுப் போட்டுக் கழற்ற வேண்டும்.

அந்தப் பட்டி எனக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அக்கா காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஊக்கு குத்திவுடு" என்று தாவணித் தோளைக் காட்ட ஆரம்பித்தாள். பிறகு முதுகுக் கொக்கி. பிறகு பின்னல் ரிப்பன். நான் பழகட்டும் என்றுதான் அவள் விட்டுக்கொடுக்கிறாள் என நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாள் தெரபி மிஸ்ஸிடம், "அக்காக்கு நான்தான் எல்லாம் மாட்டிவுடறேன்" என்று சொன்னேன். "வெரி குட்" என்று தட்டிக்கொடுத்தார்.

ஸ்கூல் போர்டில் அவள் எழுத்து சிறுக்க ஆரம்பித்தது அந்த மழைக்காலத்தில்தான். வரி பெரிதாகத் தொடங்கும். போகப்போகக் குறுகி, கடைசியில் எறும்பு ஊர்வது மாதிரி ஆகிவிடும். ஹெட்மாஸ்டர் போர்டின் முன்னால் நின்று, "இதைப் படிக்க லென்ஸ் வாங்கித் தரணுமா?" என்று கேட்டார். மறுவாரம் சாக்பீஸை ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி அக்கா சாப்பிடும்போது தட்டு சரிந்து விழுந்ததற்கு, வீட்டில் எழவு விழுந்த மாதிரி அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள், நடுவில் சிரித்தாள்.

பேச்சும் மாறியது. சூடான எதையோ வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசினாள். அம்மாவுக்கு எரிச்சல். "வாயத் தொறந்து பேசு. வயசுக்கு வந்ததும் கொழுப்பு ஏறிப்போச்சா?" என்பாள். காலையில் தலையணை உறை நனைந்திருக்கும். மார்க் இறங்கியது. ஸ்கூலில் கேட்டால், 'கவனம் இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. பதின்மூன்று வயதுப் பெண், கனவு கண்டுகொண்டு இருக்கிறாள், அவ்வளவுதான்.

தெரபி மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்தார். நான் ரவையில் எழுதுகையில் அக்கா ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளும் ஒரு நாள் மணி கோர்க்க வந்தாள். மணி ஊசியில் ஏறவே இல்லை, உருண்டு ஓடிக்கொண்டே இருந்தது. மிஸ் அதைப் பார்த்துவிட்டு, தங்கைக்குக் கிடைக்கிற கவனிப்பு தனக்கும் வேண்டும் என்று இந்தப் பெண் ஏங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளையும் என்னோடு சேர்த்துக்கொண்டு, கிளிப் மாட்டு, பந்தைப் பிசை என்று வேலை கொடுத்தார். அம்மாவிடம் போனில், "பெரியவளையும் கொஞ்சம் கவனிங்கம்மா" என்று சொன்னார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது, அவள்மேலும் பாசம் காட்டுங்கள் என்று. அம்மா அதை அப்பாவிடம் சொன்னபோது, "பெரியவள கவனிக்க சொல்றாங்க" என்று சொன்னாள். அப்பா காதில் விழுந்தது வேறு மாதிரி. ஒரு பெண்ணைக் கவனிக்கச் சொன்னால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறை ஒன்று இருந்தது. அதில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் சிலர் வாடகைக்கு இருந்தார்கள். ஒருத்தர் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருத்தர் எழுந்து போவார். பாய் ஆறவே ஆறாது. அவர்களில் ஒருவர் ஊருக்குப் போய்வந்தால் எனக்குக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவருவார். மாடி அண்ணன் என்று கூப்பிடுவேன். எங்களோடு அவருக்குப் பேச்சு அவ்வளவுதான். பகலில் கீழே குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார்.

அன்று அக்கா பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். குடம் நழுவி, படியெல்லாம் தண்ணீர். மாடி அண்ணன் ஓடிவந்து குடத்தை நிமிர்த்தினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி நின்றாள். அந்த நேரம் பார்த்து அப்பா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"யாரப் பாத்து சிரிக்கிற?"

"சிரி... க்கலப்பா."

"நான் குருடனா? இப்பவும் சிரிச்சிகினுதான் கீற."

உள்ளே இழுத்துப்போய் அடித்தார். அதற்கு முன்னால் அவர் எங்கள்மேல் கை ஓங்கியதுகூட இல்லை. அக்கா அழுதாள், கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் வாய் மட்டும் அதே மாதிரி இழுத்துக்கொண்டு சிரிப்பாகவே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு வெறி ஏறியது. நான் கதவோரம் நின்று, சிரிக்காதே, சிரிக்காதே என்று அவளிடம் கெஞ்சினேன். அவளால் முடியவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மாடி அண்ணனை அன்றைக்கே காலி பண்ணச் சொன்னார்கள். அவர் வாசலில் நின்று, "சத்தியமா சொல்லுதேன் அண்ணாச்சி, அந்தப் புள்ள என் தங்கச்சி மாதிரி. குடம் விழுந்துச்சு, எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். தெருவே பார்த்தது. ஒரு பக்கெட்டுக்குள் சட்டைகளைத் திணித்து, பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, கூட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். அந்தக் கதைதான் ஸ்கூலுக்கு வந்தது. நீங்கள் கேள்விப்பட்டதும் அதைத்தான். அக்காவை ஸ்கூலிலிருந்து நிறுத்தினார்கள்.

ஆனால் என் தெரபி நிற்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து கோட்டில் உட்கார ஆரம்பித்திருந்தது, அதை விட அம்மாவுக்கு மனசில்லை. அக்காவை வீட்டில் தனியாக விடவும் பயம். எனவே இரண்டு பேரையும் அப்பாவே பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கீழே மெடிக்கல் ஷாப் வாசலில் காவல் மாதிரி நிற்பார்.

அப்படிப் போன முதல் நாளே தெரபி மிஸ் அக்காவின் கன்னத்தைப் பார்த்தார். அடித்த இடம் கறுத்திருந்தது.

"யார் அடிச்சது?"

அக்கா பதில் சொல்ல முயன்றாள். வார்த்தை வர நேரமாயிற்று. வந்தபோது வாயோரம் எச்சிலும் வந்தது. அவள் புறங்கையால் துடைத்தாள். அந்தக் கை நடுங்கியது. மிஸ் என் ரவைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டார். அன்றுதான் அவளை முழுதாகப் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டு கண்ணா. அப்படியே முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு நேரா வை."

அக்கா வைத்தாள். கைகள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன, கோழி இறக்கையை அடிப்பது மாதிரி. நான் விளையாட்டு என்று நினைத்து, என் கைகளையும் அப்படியே அடித்துக் காட்டினேன். மிஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் கைகளைத் தன் கைகளுக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நாளாக இப்படி, சாப்பிட முடிகிறதா, முன்னால் எப்படி எழுதுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவால் சொல்ல முடியாததை நான் சொன்னேன்.

அப்பாவை மேலே கூப்பிட்டார். அப்பா செருப்போடு வாசலிலேயே நின்றார்.

"சார், இவளுக்கு எழுத வராம இல்ல. நல்லா எழுதிக்கிட்டு இருந்த கை கெட்டுப்போயிருக்கு. இது கையெழுத்துப் பிரச்சினையே இல்ல. நரம்பு டாக்டர்கிட்ட உடனே காட்டணும். என்னால இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது."

"சின்னவ எழுதலன்னுதான் இங்க வந்தோம். இப்ப பெரியவளுக்கு நரம்புன்றீங்க."

"சார், தயவுசெஞ்சு..."

"பொண்ணுக்கு மூள நோயின்னு எழுதிக் குடுத்துட்டா நாளிக்கு எவன் கட்டுவான்?"

அன்றோடு தெரபி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். கைராசியான டாக்டர் என்று ஒருவர் சத்து டானிக் கொடுத்தார். கண்ணு பட்டிருக்கும் என்று மந்திரித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். அக்காவுக்கு நடை தடுமாறியது. இட்லியைப் பிட்டுத் தண்ணீரில் நனைத்து அம்மா ஊட்டிவிட்டாள். வெயில் காலம் வந்துவிட்டது. தெரபி மிஸ் அம்மாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். வெளியே வந்ததும் பார்த்துவிட்டு அந்த மிஸ்டு காலையெல்லாம் அம்மா அழித்துவிடுவாளாம். ஒரு நாள் ஊட்டிய இட்லி தொண்டையில் அடைத்து, அக்காவுக்கு முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. முதுகில் தட்டித் தட்டி வெளியே எடுத்தார்கள். மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்புவது மாதிரி யூனிபார்ம் போட்டுக்கொண்டாள். அப்பா பஸ்ஸை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு தெரபி மிஸ்ஸுக்குப் போன் செய்து, "நீ சொன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போம்மா" என்றாள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் போனேன். கண் டாக்டர் அக்காவின் தாடையை ஒரு மிஷினில் வைக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்தார். இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டு அவர்களையும் பார்க்கச் சொன்னார். கறுவிழியைச் சுற்றி, துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய வளையம் இருக்கிறதாம். எத்தனை பேர் அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறோம். நாங்கள் கண்டது சிரிப்பைத்தான்.

நரம்பு டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசினார். "சாப்பாட்டுல வர்ற செம்பை உடம்பு வெளியே தள்ளிடணும். இவ உடம்புக்கு அது தெரியல. ஈரல்ல சேர்ந்து, இப்ப மூளையில சேர்ந்துடுச்சு. அதான் கை, பேச்சு, முகம் எல்லாம்."

"சரியாயிடுமா சார்?"

"ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் தைரியமா சொல்லியிருப்பேன்." பிறகு கேட்டார்: "சொந்தத்துலயா கல்யாணம்?"

"அத்த பையன்தான் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது யாரு?"

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு பெரிய வெள்ளைக் கேன் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகிற ஒன்றுக்கை ஒரு சொட்டு விடாமல் அதில் பிடிக்கச் சொன்னார்கள். அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரம்மா, "எண்ணெயா பாப்பா?" என்று கேட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கும் இருந்தது. வெளியே ஒன்றும் தெரியாமல், ஈரலில் மெல்லச் சேர்ந்துகொண்டு இருந்திருக்கிறது. என் கோணல் எழுத்து இதனால்தானா என்று அம்மா கேட்டாள். "இல்லம்மா. இது வெறும் கையெழுத்து" என்றார் டாக்டர். "சின்னவளுக்கு ஒண்ணும் ஆகாது. மாத்திரையை ஆயுசுக்கும் விடாம போட்டுக்கணும், அவ்வளவுதான். பெரியவ லேட்டா வந்துட்டா. ஆனா அவ வந்ததாலதான் சின்னவளைப் பிடிக்க முடிஞ்சுது."

அதைக் கேட்டு அம்மா சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்கு இன்றுவரை போகவில்லை. எனக்கு ஏதாவது நல்லது நடந்தால், உடனே அவள் கண் அக்கா பக்கம் போகும்.

வராந்தாவில் தெரபி மிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். "இத்தனை நாளா என் முன்னாலதாம்மா உட்கார்ந்திருந்தா. கிளிப் மாட்டச் சொல்லிட்டு இருந்தேன்."

"பெத்தவ நானு. எனக்கே தெரில. நீ இன்னா பண்ணுவ" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மிஸ் அந்தத் தெரபி ரூமைக் காலி செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கே போனார் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு செப்புக் குடம் இருந்தது. அம்மாவின் சீர். உடம்புக்கு நல்லது என்று குடிதண்ணீரை அதில்தான் ஊற்றிவைப்பாள்; புளி போட்டுத் துலக்கி, பொன் மாதிரி வைத்திருப்பாள். இனிமேல் அதில் வேண்டாம், ஆனால் நோய் அந்தக் குடத்தால் வந்ததில்லை, பிறவியிலேயே வந்தது என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அம்மா நம்பவே இல்லை. தன் கையாலேயே மோந்து மோந்து கொடுத்தோம் என்றுதான் இன்னும் நினைக்கிறாள். அதைப் பழைய பாத்திரக் கடையில் போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை, வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது குடித்துவிடும் என்று. ஒரு நாள் தனியாக எடுத்துக்கொண்டு போனாள். வெறுங்கையோடு வந்தாள். எங்கே போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பாதான் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறுவார், இறங்குவார். அவ்வளவுதான். மாடி அண்ணன் வேலை பார்த்த கம்பெனி கேட்டில் அப்பா போய் நின்று விசாரித்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அவர் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்களாம். ஊரில் போய்த் தேடலாம் என்றால், மாடி அண்ணனின் முழுப் பெயரே அப்பாவுக்குத் தெரியவில்லை.

மாத்திரை ஆரம்பித்ததும் அக்கா முதலில் இன்னும் மோசமானாள். அப்படி ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள், நடந்தாள். எச்சில் நின்றது. அழுகையும் சிரிப்பும் அதனதன் இடத்துக்கு வந்தன. வலது கை மட்டும் மணிக்கட்டில் மடங்கியபடி நின்றுவிட்டது. பேச்சு திரும்பவில்லை, நாங்கள் புரிந்துகொள்கிற அளவுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. நான் எட்டாவது வந்தபோது ஹெட்மாஸ்டர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, வாசல் போர்டில் எழுதச் சொல்லி சாக்பீஸை நீட்டினார். எழுதினேன். வேறென்ன செய்வது?

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள். தண்டலத்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் தெரிந்து சம்மதித்தவர். காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் மாத்திரையைப் போட்டுக்கொள்வோம், வெறும் வயிற்றில். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, காபிகூட. அந்த ஒரு மணி நேரம் பால்கனியில் உட்கார்ந்திருப்போம். கீழே ஹைவேயில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் பேசுவேன், பாதிக்கு அவள் தலையாட்டுவாள்.

போன வாரம் குரூப்பில் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் காலையில், இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, உனக்குக் கோவமே இல்லியா?"

அவள் திரும்பினாள். உதடு அசைந்தது. ஒரு சொல்லைத் தயார் செய்ய அவளுக்கு நேரமாகும். நடுவில் எடுத்துக்கொடுத்தால் பிடிக்காது, அதனால் காத்திருந்தேன். இல்லை என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். எல்லாரும் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள், பொறுமைசாலி, குழந்தை மனசு என்று.

"கீது" என்றாள்.

அவள் சொல்கிற வார்த்தைகளில் பாதி எங்களுக்கே புரியாது. அது தெளிவாகப் புரிந்தது. யார்மேல் என்று நான் கேட்கவில்லை. அவள் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நேரம் ஆனதும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.